என் செயற்கை அறிவு கண்டுபிடித்த சிறுத்தை

யாராவது என்னிடம் வந்து "சார், இதுல ஏஐ இருக்கு" என்று பெருமையாகச் சொன்னால் எனக்குக் காது சூடாகிவிடும். செருப்புக் கடை விளம்பரத்தில் ஏஐ, ஜோசியத்தில் ஏஐ, மாவு அரைக்கிற மெஷினில் ஏஐ. (போன வாரம் ஒருவர் பல் தேய்க்கிற பிரஷ்ஷில் இருக்கிறது என்றார். இருந்துவிட்டுப் போகட்டும், பல்லைத்தானே தேய்க்கப்போகிறது.) இத்தனை கோபம் எதற்கு என்று கேட்பவர்களிடம் காரணத்தை நான் முழுதாகச் சொன்னதில்லை. சொன்னால் மானம் போகும். போகட்டும், இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். தில்லி மாநகரத்தின் நடுவில், ஒரு திங்கட்கிழமை காலையில், ஒரு குடியிருப்பு முழுவதையும் வீட்டுக்குள் பூட்டிவைத்து, மயக்க ஊசித் துப்பாக்கியோடு வனத்துறையை வரவழைத்த ஆள் நான்தான்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. அப்பா மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். ஆர்.கே.புரத்தில் இரண்டாம் மாடி குவார்ட்டர்ஸ். ஊர் திருநெல்வேலிப் பக்கம் என்பதால் வீட்டுக்குள் அந்தப் பேச்சு, படியிறங்கினால் இந்தி. குர்காவ்னில் கிடைத்த கம்பெனி வேலையை விட்டுவிட்டு, காட்டு விலங்குகளை ஆராய்கிற ஒரு சின்னக் குழுவில் சேர்ந்திருந்தேன். சொந்தக்காரர்கள் கேட்டால் அப்பா "கம்ப்யூட்டர்லதான் இருக்கான்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். நரியைப் பற்றி மூச்சு விடமாட்டார்.

என் வேலை நரிதான். எங்கள் பிளாக்குக்குப் பின்னால் ஒரு மதில். மதிலுக்கு அப்பால் சீமைக்கருவேலமும் முள்ளும் மண்டிய மேட்டு நிலம். தில்லிக்குள் இப்படி மிச்சம் மீதி கிடக்கிற காட்டுத் துண்டுகளில் நரிகள் இன்னும் வாழ்கின்றன என்று நான் சொன்னால் எங்கள் குடியிருப்பில் யாரும் நம்பியதில்லை. ஆனால் அங்கே இரண்டு இருந்தன. ஒன்று ஆண். இன்னொன்று பெண், அதற்கு இடது காதில் பாதி இல்லை. மரத்தில் கட்டிவைத்த கேமராக்கள், எதிரே ஏதாவது அசைந்தால் தாமாகவே படம் எடுத்து என் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். நான்கு மாதமாக அந்த ஜோடியின் குடித்தனம் முழுக்க எனக்குப் படம் படமாகத் தெரியும். எந்த வளையில் படுக்கும், எந்த நேரத்துக்கு எலி பிடிக்கக் கிளம்பும், யார் யாரிடம் கோபித்துக்கொள்வார்கள் என்பது வரைக்கும் தெரியும். நேரில் மட்டும் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

அந்த நிலத்தின் மேல் குடியிருப்போர் சங்கச் செயலாளர் அரோராவுக்கு ஒரு கண். பார்க்கிங் வேண்டும். "உள்ளே என்ன இருக்கு? பாம்பும் குப்பையும்" என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லுவார். (குப்பை இருந்தது உண்மை. அதைக் கொட்டியதும் அவரது பிளாக்தான்.) எங்கள் குழுவின் தலைவி நேகி மேடம் ஆறு மாதம் அலைந்து ஒரு காரியம் செய்திருந்தார். வனத்துறை அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்ப்பார், எங்கள் படங்களைப் பார்ப்பார், விலங்குகள் வாழும் இடம் என்று அவர் எழுதிவிட்டால் நிலத்துக்கு வேலி போட்டு அப்படியே விட்டுவிடுவார்கள். எழுதாவிட்டால் பார்க்கிங். அவ்வளவு எளிமையான விஷயம்.

இங்கேதான் நான் நுழைகிறேன், ஏஐயோடு.

வருகிற படங்களைப் பார்த்து இது நரி, இது நாய், இது மயில் என்று தானே பெயர் போடுகிற ஒரு புரோகிராம் எழுதியிருந்தேன். அதைச் சொந்தப் பிள்ளை மாதிரி நினைத்தேன். அது அவ்வப்போது உளறும். ஒருநாள் மதிலோரம் வாக்கிங் போன அப்பாவை, அவர் போட்டிருந்த குரங்குக் குல்லாவைப் பார்த்து "லங்கூர்", அதாவது கருமுகக் குரங்கு, என்று பெயர் போட்டது. அதைத் திருத்த வேண்டும் என்று தோன்றவில்லை எனக்கு. நண்பர்களுக்கெல்லாம் அனுப்பிச் சிரித்தேன்.

நேகி மேடம் கட்வால் மலைக்காரர். அதிகம் பேசமாட்டார், டீ நிறையக் குடிப்பார். அவருக்கு இருந்தது ஒரே ஒரு விதி. மெஷின் பெயர் போடட்டும், ஆனால் ஒரு மனிதக் கண் பார்க்காமல் எந்தப் படமும் வெளியே போகக்கூடாது.

"மேடம், ஏஐ இருக்கும்போது மனுஷன் எதுக்கு?" என்று கேட்டேன்.

அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "பேட்டா, நீ இருக்கியே, அதுக்கு" என்றார். எனக்கு அது பாராட்டாகத்தான் கேட்டது. அந்த வயதில் எதுவும் பாராட்டாகத்தான் கேட்கும்.

அதிகாரி வருவது திங்கட்கிழமை பதினோரு மணிக்கு. ஞாயிறு மாலை எனக்கு ஒரு யோசனை வந்தது. (அந்த யோசனையை இன்று என் கையில் கொடுத்தால் நான்காக மடித்துக் கிழிப்பேன்.) விடியற்காலையில் நரி ஜோடி வேட்டை முடிந்து திரும்பும். அந்தப் படங்கள் சுடச்சுட சங்கத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் விழுந்தால் எப்படி இருக்கும்? ஜனங்கள் டீ குடித்துக்கொண்டே பார்ப்பார்கள். மனம் இளகும். பதினோரு மணிக்கு அதிகாரி வரும்போது மொத்தக் குடியிருப்பும் நரிக்கு ஜே போடும். அரோரா முகம் எப்படிப் போகும்!

மேடத்திடம் கேட்கவில்லை. புரோகிராமை நேராகக் குரூப்போடு இணைத்தேன். நரி மதிலோரம் நடந்து வருகிற பாதை நன்றாக விழட்டும் என்று ஒரு கேமராவை அவிழ்த்து மதில் பக்கமாகத் திருப்பியும் கட்டினேன். பனிமூட்டம் அப்போதே இறங்க ஆரம்பித்திருந்தது. வேலையை முடித்துக்கொண்டு, மாவீரன் மாதிரி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தேன்.

காலையில் அப்பாதான் எழுப்பினார். கையில் போன். முகத்தில் ரத்தம் இல்லை.

"எலே, எந்திரி. இது ஒங்க மிஷினு அனுப்பினதால?"

வாங்கிப் பார்த்தேன். கறுப்பு வெள்ளைப் படம். எங்கும் பனி. முள் புதருக்குப் பின்னால் ஏதோ ஒன்று குந்தி உட்கார்ந்திருக்கிறது. முகம் தெரியவில்லை. ஆனால் உடம்பெல்லாம் புள்ளி, வட்ட வட்டமான, கறுத்த, அழகான புள்ளி. கீழே என் புரோகிராம் இந்தியிலும் ஆங்கிலத்திலும், போதாக்குறைக்கு நான் ஆசையாய்ச் சேர்த்திருந்த தமிழிலும் எழுதியிருந்தது: "சிறுத்தை. நம்பகத்தன்மை: மிக அதிகம்."

அதோடு நிற்கவில்லை. விடியற்காலைக் காற்றில் அது அசைய அசைய மூன்று நிமிடத்துக்கு ஒரு படம். சிறுத்தை, சிறுத்தை, சிறுத்தை. மொத்தம் நாற்பத்தோரு சிறுத்தை.

இப்போது யாராக இருந்தாலும் என்ன செய்வார்கள்? படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். ஏன் ஒரே இடத்தில் இரண்டு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறது என்று யோசிப்பார்கள். நான் சந்தோஷப்பட்டேன். ஐயா, சந்தோஷப்பட்டேன்! நரிக்கே வேலி போடுவார்கள் என்றால் சிறுத்தைக்குக் கோட்டையே கட்டுவார்கள் என்று கணக்குப் போட்டேன். "அப்பா, இது சரித்திரம்" என்றேன்.

"சரித்திரம் கெடக்கட்டும், ஒங்க அம்மையக் காணும்" என்றார் அப்பா. அப்புறம் அவரே நெற்றியில் தட்டிக்கொண்டு, "இன்னைக்குக் கிருத்திகைல்லா, விடியக்காலமே முருகன் கோயிலுக்குப் போயிட்டா. நல்லவேளை" என்று உட்கார்ந்தார். அம்மா கோயிலுக்குப் போனால் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் போவாள்.

குரூப்பில் அதற்குள் உலகம் அழிந்துகொண்டிருந்தது. ஒருவர் தன் வீட்டு பால்கனிக்குக் கீழே உறுமல் கேட்டதாக எழுதினார். இன்னொருவர் எங்கோ எப்போதோ ஒரு சிறுத்தை மாட்டை இழுத்துப்போகிற வீடியோவைப் போட்டு "நம்ம பின்பக்கம், இன்று காலை" என்றார். எட்டு மணிக்குள் கேட்டைப் பூட்டி, பால் வண்டியைத் திருப்பி அனுப்பி, பள்ளிக்கூட வேனையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒன்பதுக்கு வனத்துறை வண்டி கூண்டோடும் வலையோடும் வந்தது. அதன் பின்னால் மைக்கோடு ஒரு டிவிக்காரர். பதினோரு மணிக்கு அமைதியாக வந்து பார்க்க வேண்டிய அதிகாரி, ஒன்பதே காலுக்குத் தொப்பியில்லாமல் ஓடி வந்தார்.

நேகி மேடமும் வந்துவிட்டார். வந்ததும் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "நீ பார்த்தாயா?"

"மேடம், மிஷின் மிக அதிகம்னு..."

"நீ பார்த்தாயா?"

நான் பதில் சொல்வதற்குள் மைக் என் வாய்க்கு முன்னால் வந்துவிட்டது. அங்கேயாவது வாயை மூடியிருக்கலாம். டிவி என்றதும் எனக்குள் இருந்த விஞ்ஞானி தலைமுடியைக் கோதிக்கொண்டு வெளியே வந்தான். "வளர்ந்த ஆண் சிறுத்தை. வயது நான்கு இருக்கும். ரோமத்தின் பளபளப்பைப் பார்த்தால் நன்றாகச் சாப்பிட்டு ஆரோக்கியமாக இருப்பது தெரிகிறது" என்று இந்தியில் பொழிந்தேன். அந்தப் பேட்டி இன்னும் இன்டர்நெட்டில் கிடக்கிறது. அதை எடுத்துவிட வழி இருக்கிறதா என்று இன்றைக்கும் வருடத்துக்கு ஒருமுறை தேடுகிறேன்.

அரோரா அடுத்து மைக்கைப் பிடித்தார். "நாங்கள் முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறோம்." (பாம்பும் குப்பையும் என்று சொன்ன அதே வாய்.) பிறகு அவருடைய ஆட்கள், சிறுத்தையை வெளியே விரட்டுகிறோம் என்று மதில் மேல் ஏறிப் பட்டாசு கொளுத்த ஆரம்பித்தார்கள். தீபாவளியில் மிஞ்சியது. கூடவே தட்டை எடுத்துத் தட்டுகிறார்கள், கத்துகிறார்கள், செல்ஃபி எடுக்கிறார்கள். மேடம் "நிறுத்துங்க, உள்ளே நரி இருக்கு!" என்று தொண்டை கிழியக் கத்தினார். யார் கேட்டது? நரிக்கு டிவியில் என்ன மதிப்பு?

அப்போதுதான் அவை இரண்டும் வெளியே வந்தன. பகல் வெளிச்சத்தில், புகைக்கு நடுவே, எங்கே போவது என்று தெரியாமல் ஒருமுறை இந்தப் பக்கமும் ஒருமுறை அந்தப் பக்கமும் ஓடின. நான் நினைத்ததைவிட ரொம்பச் சின்னதாக இருந்தன. பின்னால் வந்தது காதறுந்த பெண். மேட்டின் மறுபக்கம் பெரிய சாலை. அந்தப் பக்கமாகத்தான் இரண்டும் போய் மறைந்தன. நான்கு மாதம் படத்தில் பார்த்த நரியை நேரில் பார்த்தது அதுதான் முதல் முறை. யாரும் அதைப் படம்கூட எடுக்கவில்லை. எல்லாக் கேமராவும் சிறுத்தைக்குக் காத்திருந்தன.

மயக்க ஊசி டாக்டர் வண்டிக் கூரை மேல் ஏறிக் குறி பார்த்தார். புதருக்குப் பின்னால் அந்தப் புள்ளி உடம்பு இலேசாகத் தெரிந்தது. ஒரு பட்டாசுக்கும் அது அசரவில்லை. "ரொம்ப தைரியசாலி" என்றார் டிவிக்காரர். அதிகாரி கையைத் தூக்கினார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

அந்த நேரம் பார்த்து, நாங்கள் காவல் போடாத பின்பக்கச் சந்து வழியாக, கோயில் கூடையைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மா வந்தாள்.

கோயிலிலிருந்து வர அதுதான் குறுக்கு வழியாம். மதிலில் ஒரு இடைவெளி உண்டாம். நான்கு மாதம் அந்த நிலத்தை ஆராய்ந்த எனக்கு அது தெரியாது.

"ஆன்ட்டிஜி, ருக்கியே!", நில்லுங்கள் என்று நூறு பேர் கத்தினார்கள். அம்மா திரும்பிப் பார்த்து, தனக்கு வணக்கம் சொல்கிறார்கள் போல என்று தலையை ஆட்டிவிட்டு நேராகச் சிறுத்தையை நோக்கி நடந்தாள். அப்பா "எட்டி, போகாதட்டி!" என்று அலறிக்கொண்டு ஓடினார். அம்மா சிறுத்தையின் பக்கத்தில் போய் நின்றாள். அதன் முதுகில் இரண்டு தட்டு தட்டிப் பனி ஈரத்தை உதறினாள். பிறகு அதன் தோலை ஒரே உருவாக உருவித் தோளில் போட்டுக்கொண்டாள்.

உள்ளே ஒரு கறிவேப்பிலைச் செடி நின்றது.

தில்லியில் கறிவேப்பிலை வளர்க்கிற ஒவ்வொரு தமிழ் வீட்டுக்கும் தெரியும், சனவரிப் பனியில் அது கருகிவிடும். பால்கனித் தொட்டியில் இரண்டு செடியைப் பறிகொடுத்த அம்மா, மூன்றாவதை மதிலுக்கு அப்பால் மண்ணிலேயே நட்டு, சாயந்தரம் போர்த்தி, வெயில் வந்ததும் எடுத்துக்கொண்டிருந்தாள். போர்த்தியது, நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது சரோஜினி நகர் மார்க்கெட்டில் வாங்கிய தடிமனான கம்பளி. தில்லிக் குளிருக்கு எல்லார் வீட்டிலும் இருக்குமே, பூவும் புலியும் போட்டது, அந்த ரகம். எங்களுடையது சிறுத்தைப் புள்ளி. ஒன்பது குளிர்காலம் அதைப் போர்த்திக்கொண்டு தூங்கியவன் நான். என் செயற்கை அறிவுக்கு அது தெரியாமல் போனது சரி, என் சொந்த அறிவுக்கு என்ன வந்தது? தினமும் ரசத்திலிருந்து எடுத்துத் தட்டோரம் ஒதுக்குகிற கறிவேப்பிலை எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளாவது கேட்டிருந்தால் போதுமே!

"என்னல இவ்வளவு கூட்டம்? யாரும் விழுந்து கிழுந்திட்டாவளா?" என்றாள் அம்மா. துப்பாக்கியைப் பார்த்ததும் அவளுக்கு இந்தி வந்தது. அதிகாரியிடம், "பையா, யே கடி பத்தா ஹை. டண்ட் மே மர் ஜாதா ஹை" என்று, இது கறிவேப்பிலை, குளிரில் செத்துவிடும் என்பதைப் பொறுமையாக விளக்கினாள்.

முதலில் டாக்டர்தான் சிரித்தார். பிறகு வண்டி டிரைவர். பிறகு மொத்த ஆர்.கே.புரமும். டிவிக்காரர் என்னிடம் ஓடி வந்து, "வயது நான்கு என்றீர்களே?" என்றார்.

நேகி மேடம் சிரிக்கவில்லை. சாலைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதிகாரிக்கு வந்த கோபம் நியாயமானது. அந்தக் கோபத்தோடு அவர் எழுதியதுதான் என்னால் இன்றும் பொறுக்க முடியாதது. போர்வையைச் சிறுத்தை என்று சொல்லும் கருவி எடுத்த நரிப் படங்களையும் ஆதாரமாக ஏற்க முடியாது என்று எழுதினார். அந்த நரிப் படம் ஒவ்வொன்றையும் மேடம் தன் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். யார் கேட்கப் போகிறார்கள்? அரோரா இன்னும் ஒரு படி மேலே போனார். என் நாற்பத்தோரு சிறுத்தைகளையும் அச்சடித்துத் தன் மனுவோடு இணைத்து, "ஆபத்தான விலங்குகளின் நடமாட்டம் விஞ்ஞானிகளாலேயே உறுதி செய்யப்பட்டுள்ளது, ஆகவே குடியிருப்போர் பாதுகாப்புக்காகப் புதர்களை அகற்ற வேண்டும்" என்று கேட்டார். அது போர்வை என்று அவர் கண்ணால் பார்த்தவர்தான்! ஒரே கருவி. நரியைக் காட்டினால் பொய், சிறுத்தையைக் காட்டினால் உண்மை. மனு பாஸானது.

பிப்ரவரியில் ஜேசிபி வந்தது. ஒரே ஒரு காலைப்பொழுது, அவ்வளவுதான். மேடு சமமானது, வளை மூடியது, கறிவேப்பிலையும் போனது. மரத்திலிருந்து கழற்ற மறந்துபோன ஒரு கேமரா கடைசி நிமிடம் வரை வேலை செய்திருக்கிறது. ஜேசிபியின் கையைப் படம் எடுத்து "யானை" என்று பெயர் போட்டு எனக்கு அனுப்பியது. அன்றைக்கு நான் அழுதேன், யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் கம்ப்யூட்டருக்கு ஒரு அறையும் விட்டேன். அரோரா மேல் எவ்வளவு கோபமோ அதைவிட ஒரு பிடி அதிகமாக, தலைமுடியைக் கோதிக்கொண்டு மைக் முன்னால் நின்ற அந்த இருபத்து நான்கு வயதுக்காரன் மேல் இன்றும் கோபம் இருக்கிறது.

மேடம் என்னை வேலையைவிட்டுத் துரத்தவில்லை. துரத்தியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். "உட்கார். இனி ஒவ்வொரு படத்தையும் நீ பார்" என்றார். இன்றைக்கு எங்கள் குழுவுக்கு நான்கு மாநிலங்களில் கேமரா இருக்கிறது. புரோகிராமும் எவ்வளவோ தேறிவிட்டது. ஆனாலும் ஒரு மனிதக் கண் பார்க்காமல் எச்சரிக்கை எதுவும் வெளியே போகாது. அந்தக் கட்டத்துக்கு எங்கள் ஆபீசில் "அம்மா செக்" என்று பெயர். தமிழே தெரியாத பிள்ளைகள்கூட "அம்மா செக் ஹோ கயா?", முடிந்ததா என்று கேட்டுக்கொள்கிறார்கள்.

வீட்டில் அது வேறு விதமாகத் தொடர்கிறது. நான் எதையாவது கொஞ்சம் உறுதியாகச் சொன்னால் போதும், ரயில் நேரமோ வெண்டைக்காய் பிஞ்சு என்பதோ எதுவானாலும், "போர்வையத் தூக்கிப் பாத்தியால?" என்று கோரஸாகக் கேட்பார்கள். கல்யாணமாகி வந்த மூன்றாம் நாளே என் மனைவியும் அந்தக் கோரஸில் சேர்ந்துவிட்டாள். அப்பாவின் ரிட்டையர்மென்ட் விருந்தில் இந்தக் கதையை மேடையேறியே சொன்னார்கள். கதையைச் சொல்வதில் அம்மாவை மிஞ்ச ஆளில்லை. துப்பாக்கி, டிவி, "வயசு நாலாம்!" என்று நடித்தே காட்டுவாள்.

போன பொங்கலுக்கு வந்தவர்களிடமும் நடித்துக் காட்டினாள். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டுக் கிளம்பிப் போனார்கள். தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"ஏலே, அந்த ரெண்டு நரியும் என்னல ஆச்சு?"

இத்தனை வருடத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை.

"தெரியலம்மா."

"எந்தக் கேமராவுலயும் வரலியா? அந்தக் காதறுந்தது?"

"வரலம்மா."

"இப்ப எத்தன கேமரா வச்சிருக்கீய?"

"நெறைய இருக்கும்மா. எரநூறுக்கு மேல."

அம்மா தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அத்தனையும் வச்சிக்கிட்டு என்னத்தலே பாக்குதீய?"